இரண்டு தீர்மானங்கள்

சூலே பகோடா நிறுத்தத்தில் நான் ஏறிய பஸ்ஸில் உட்கார இடமில்லை. எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள் கம்பியைப் பிடித்து நின்றார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. மற்றவர் பபேடான் பேட்டையில் கடை வைத்திருக்கும் பாய்.

“நான் வரணும்னு ஊரே கை தூக்குச்சு பாய். வரவேண்டாம்னும் அதே ஊரே கை தூக்குச்சு” என்றார் குமாஸ்தா.

“எந்த ஊரு?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் கரேன் ஜனங்க இருக்கிற கிராமம். அவங்க கமிட்டிக்குக் கூட்டம் நடத்த, தீர்மானம் போடப் பழக்கிவிடப் போறேனே, அங்கதான். முதல்ல தண்ணித் தொட்டி. சர்ச் பக்கம் கட்டலாமான்னு கேட்டேன், எல்லாக் கையும் மேல. ஸ்கூல் பக்கம்னு கேட்டேன், அப்பவும் எல்லாக் கையும் மேல. கேட்டா ‘அனாடே’ங்கிறாங்க! எதுத்துச் சொன்னா அடுத்தவன் மனசு நோகுமாம்.”

“அப்ப தொட்டி?”

“நான் தலையில அடிச்சுக்கிட்டு வந்துட்டேன். அவங்க உக்காந்து பேசிப் பேசி, பெருசா ஒண்ணு கட்டாம சின்னதா ரெண்டு கட்டிட்டாங்க. ரெண்டுலயும் தண்ணி இருக்கு.”

பாய் சிரித்துவிட்டார். “சரிண்ணே, உங்க விஷயம்?”

“இன்னும் நான் வரணுமா, வேண்டாமான்னு போன மாசம் நானே கேட்டேன். அதுக்குத்தான் ரெண்டு தடவையும் தூக்கினாங்க. நேத்து ஆள் அனுப்பியிருந்தாங்க. கூட்டத்தை இனி அவங்களே பாத்துக்குவாங்களாம். அறுப்பு முடிஞ்சு புதுச்சோறு ஆக்குறப்ப நான் கட்டாயம் வரணுமாம்.”



“போவீங்களா?” என்றார் பாய்.

“போகாம? ரெண்டு தீர்மானமும் நிறைவேறிடுச்சே.”