நீங்கள் கைதட்டிய அந்தக் காட்சி

விழாவுக்குத் தலைமை தாங்கி, வெற்றிக் களிப்போடு வீற்றிருக்கும் தயாரிப்பாளர் ஐயா அவர்களே! வேலை முடிந்த கையோடு, வியர்வை உலரும் முன்னே வந்து நிறைந்திருக்கும் பெரியோர்களே! என்னைப் பெறாத தாய்மார்களே! கூட்டக் காட்சிகளில் நின்று நின்றே கால் வீங்கிய துணை நடிகைகளே, என் சகோதரிகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் யார்? போஸ்டரில் தேடாதீர்கள், கிடைக்க மாட்டேன். கதாநாயகிக்குப் பின்னால் பாதி முகம் தெரியுமே, அது நான்தான்! சிரியுங்கள், சிரியுங்கள். மீதி முகத்தை இன்று இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்தப் படம் யார் கதை? பஞ்சாலைப் பெண் ஒருத்தியின் கதை. உட்கார்ந்தால் வேலை போகும் என்றிருந்த காலம் அது. கால் கடுத்து உட்கார்ந்துவிட்ட பிள்ளைத்தாச்சி ஒருத்தியை மேஸ்திரி விரட்டியபோது, தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் அமர்ந்தாளே, அவள் கதை! அவள் அமர்ந்தாள், ஆலை அமர்ந்தது! அவள் அமர்ந்தாள், அடிமைப்பட்டுக் கிடந்த தொழிலாளர் கூட்டம் எழுந்தது!

அந்தக் காட்சியை எடுத்த அன்று என்ன நடந்தது தெரியுமா? பின்னால் ஓர் அண்ணன் 'சொல்லும்மா' என்கிறார். சொல்லத்தானே அண்ணே வந்திருக்கிறேன்!

காலையிலிருந்து நின்றோம். நாற்காலி நட்சத்திரங்களுக்கு, நிழல் கேமராவுக்கு, வெயில் எங்களுக்கு! மேஸ்திரியாக நடித்த அண்ணன் மீசையை முறுக்கி, "முடியலன்னா வீட்டுக்குப் போ!" என்று உறுமி ஒத்திகை முடித்தார். கேமரா ஓடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து எங்களில் ஒரு தங்கை, நிஜமாகவே வயிற்றுப்பிள்ளைக்காரி, பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"யாரும்மா அது? உன்னை யாரு உக்காரச் சொன்னது?" என்று கத்தினார் உதவி இயக்குநர்.

"தலை சுத்துது சார். கொஞ்சம் உக்காந்துக்கிறேன்."

"முடியலன்னா வீட்டுக்குப் போ!"

மேஸ்திரி அண்ணன் திகைத்துப்போய், "தம்பி, அது என் வசனம்பா!" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சு கொதித்தது. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஒருத்தி, அவள் பக்கத்தில் ஒருத்தி. 'கட்! கட்!' என்றார்கள், எவளும் எழவில்லை! கேமராவை நிறுத்தத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எடுத்ததை அப்படியே படத்தில் வைத்துவிட்டார்கள். கண்ணீர் மல்கக் கைதட்டினீர்களே, அது அந்தக் காட்சிதான். அதில் நடித்தவர் எவரும் இல்லை!

காட்சிக்குப் பாராட்டு வந்தது, படத்துக்கு விழா வந்தது. அந்தத் தங்கைக்கு என்ன வந்தது? அன்றிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. பிள்ளை பிறந்து தவழ்கிறது, இன்னும் அழைப்பில்லை. கேட்டால், "அவ தகராறு பண்றவம்மா" என்கிறார் ஆள் சேர்க்கும் ஏஜெண்ட். ஊருக்குத்தான் உபதேசமா? திரையில் உட்கார்ந்தவளுக்குப் புகழ்மாலை, தரையில் உட்கார்ந்தவளுக்குப் பட்டினியா?

நாளைக் காலை ஐயாவின் அடுத்த படம் தொடங்குகிறது. சந்தைக் காட்சிக்கு எங்களை அழைத்திருக்கிறார்கள். அவளையும் அழைத்தால் வருவோம். அழைக்காவிட்டால், சந்தை இருக்கும், சனம் இருக்காது! எங்களுக்குப் பயமில்லையா? உண்டு. அடுப்பு எரிய வேண்டுமே என்ற பயம் உண்டு. பயந்துகொண்டேதான் சொல்கிறேன், வரமாட்டோம்! என்ன சகோதரிகளே, சரிதானே? ஆங், அந்தச் சத்தம் போதும்.

தயாரிப்பாளர் ஐயா என் காதோரம், "இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா" என்கிறார். ஐயா, அப்புறம் உங்கள் ஆபீஸ் கதவு எங்களுக்குத் திறக்காது. இங்கே ஊரே காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறது.

பேச விட்டதற்கு நன்றி, பொறுத்துக் கேட்டதற்கு நன்றி, வணக்கம்! மைக்கைப் பிடியுங்கள் ஐயா. நாளைக்கு அவள் வரலாமா, கூடாதா?