தம்பிக்கு நான்தான் மூக்கு

டீயைக் கலக்கும்போது கரண்டி டம்ளரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சார். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. மற்றபடி டீ நன்றாகவே இருக்கிறது.

என் தம்பி காலையில் தானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்து, தவளைகள் சாகத் தான்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். எப்படி நடந்தது என்று கேட்டால் மட்டும் ஞாபகமில்லை என்கிறானாம். கணக்கு உதைக்கிறது என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். உதைக்கத்தான் செய்யும். அவன் செய்யாததை அவன் எப்படி ஞாபகம் வைத்திருப்பான்?

அந்தத் தவளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும், வயிற்றில் மஞ்சள் பட்டை. கல் உடைத்துவிட்டுப் போட்ட பழைய பள்ளத்தில் ஒரு குட்டை. அதில் மட்டுமே இருப்பதாக நம்பினோம். பள்ளத்து முதலாளி குட்டையை மூடப் பார்த்தார். அதைத் தடுக்க ஒரு சட்டம் கேட்டு, எத்தனை சட்டமன்ற உறுப்பினர்களின் வராந்தாவில் தவம் கிடந்தேன் தெரியுமா? ஒருவர் "இது எனக்கு ஓட்டுப் போடுமா?" என்றார். இன்னொருவர் வறுத்தால் ருசியாக இருக்குமா என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். காரியம் ஆகவேண்டுமே.

சட்டமன்றச் சுற்றுச்சூழல் குழுவின் தலைவி ஒருவர்தான் காது கொடுத்துக் கேட்டார். "இந்தக் குட்டையை விட்டா வேற எங்கயும் இல்லைன்னா சொல்லுங்க, மசோதாவை நானே கொண்டு வரேன். வேற இடத்துலயும் இருந்தா எங்க ஆளுங்களே கை தூக்க மாட்டாங்க" என்றார். நியாயமான பெண்மணி.

சட்டமன்றக் கூட்டத்துக்குச் சில வாரம் இருக்கும்போது தம்பி நனைந்த கால்சட்டையோடு ஓடி வந்தான். அவனுக்கும் என்னோடு தவளை ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. பள்ளத்தை ஒட்டிய மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடை, அது முழுக்க நம் தவளை என்றான். போனில் பதிவு செய்துகொண்டு வந்ததைப் போட்டுக் காட்டினான். கண்ணாடி டம்ளரில் கரண்டியால் தட்டுவது போலத்தான் அது கத்தும், சார். ஓடை முழுக்க யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இருக்குண்ணா, எக்கச்சக்கமா இருக்கு! தலைவி மேடம்கிட்ட உடனே சொல்லிடலாம்ணா."

சொல்லலாம், முதலில் இன்னொரு தடவை போய் நன்றாகப் பார்த்துவிட்டு வா என்றேன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. வாயை மூடு என்றால் ஏன் என்று கேட்பான். குட்டையைக் காப்பாற்ற வேண்டுமானால் ஓடை இருக்கக்கூடாது. யோசித்துப் பார்த்தால் வேறு வழியே இல்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தவளைக்கு ஒரு பூஞ்சை நோய் வரும், அது நம் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்குப் போகும். அதனால் தண்ணீரில் இறங்குவதற்கு முன் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் பூட்ஸோடு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். தொட்டி கலக்குவது எப்போதும் நான். தம்பிக்குப் பிறவியிலேயே வாசனை தெரியாது. வீட்டில் பால் தீய்ந்தாலும் கேஸ் கசிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவான். "எனக்கு அண்ணன்தான் மூக்கு" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லுவான்.

அவன் மறுபடி ஓடைக்குக் கிளம்பிய அன்று காலை நான் தொட்டியில் பவுடர் போடவில்லை. ஆய்வுக்கூடத்தில் நோய் வந்த வேறு தவளைகளை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் தண்ணீரை ஊற்றினேன். அவன் ஏறி நின்றான். "போதுமாண்ணா?" என்றான். இன்னும் கொஞ்சம் நில் என்றேன்.

கொஞ்ச நாளில் ஓடையில் எல்லாம் மல்லாந்து மிதந்தன. சட்டை மடியில் அள்ளிக்கொண்டு வந்து, "அண்ணா, நான் தொட்டியில சரியா நின்னேனா?" என்று கேட்டான். ஞாபகமில்லையே என்றேன். நடந்தது நடந்துபோச்சு, வெளியே சொன்னால் உனக்குத்தான் கெட்ட பெயர் என்றும் சொன்னேன். அவன் சொல்லவில்லை. மசோதா ஒருமனதாக நிறைவேறியது. எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நோயைக் கொண்டுபோகிறவருக்குச் சிறை என்ற பிரிவை எழுதிக் கொடுத்தது நான்தான்.

இனி குட்டை விஷயம். சட்டம் வந்த பிறகு ஒருநாள் தனியாக அந்த ஓடைக்குப் போனேன். ஏதாவது தப்பியிருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒரு சத்தமும் இல்லை. அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை, பயந்துவிட்டேன். ஒரு தவளையாவது கத்துவதைக் கேட்டால் போதும் என்று மேட்டைத் தாண்டி நேரே குட்டைக்கு ஓடினேன், முழங்கால் வரை இறங்கி நின்றேன். கத்தின, சார். சுற்றிலும் கத்தின. அழுதுவிட்டேன். கரையேறிய பிறகுதான் காலைக் குனிந்து பார்த்தேன். ஓடையில் இறங்கிய அதே பூட்ஸ். தொட்டியில் நிற்கவில்லை.

கொஞ்ச நாளில் குட்டையிலும் மிதக்க ஆரம்பித்தன, அதையும் தான்தான் செய்ததாகத் தம்பி நினைக்கிறான். கதவு வழியாகத் தெரிகிறது பாருங்கள், அவன் பாதம். தினமும் வெறுங்காலோடு பிளீச்சிங் தண்ணீரில் நின்று நின்று அப்படி வெடித்துவிட்டது. வேண்டாமென்றால் கேட்கமாட்டான். பவுடர் நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். கடைக்கு நடக்க அவனால் முடியவில்லை.

இதையெல்லாம் நீங்கள் கேட்டதால் சொன்னேன். எழுத வேண்டாம். என் பெயர் வந்தால் சட்டமே பொய்யில் பிறந்தது என்று ரத்து செய்துவிடுவார்கள், மறுநாளே முதலாளி மண்ணைக் கொட்டிவிடுவார். தம்பி பெயரே இருக்கட்டும். இந்தச் சட்டத்தில் இதுதான் முதல் வழக்கு. ஒருவன் உள்ளே போனால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும். அவனுக்கும் தூக்கம் வரும். தவளை என்றால் உயிரையே கொடுப்பான், கேட்டுப் பாருங்கள்.

குட்டையில் இப்போது எத்தனை தவளை மிச்சம் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். சட்டத்தை நன்றாகப் படித்துப் பாருங்கள், சார். அப்படி ஒரு கேள்வியே அதில் கிடையாது.