செக்ரட்டரி மிக்கேல்ராஜ்

மிக்கேல்ராஜ்: ...அட, வாசல்லயே நின்னா எப்படி? குனிஞ்சு உள்ள வாங்க அண்ணாச்சி. தகரம் இடிக்கும்.

பிரம்மநாயகம்: இல்லலே... இல்ல, மிக்கேலு... மிக்கேல்ராஜ்...

மிக்கேல்ராஜ்: 'லே'ன்னே கூப்பிடுங்க. எட்டு வருஷமா கூப்பிட்டதுதானே.

பிரம்மநாயகம்: அது ஆபீஸ் பியூனை. இப்ப நீ... நீங்க யூனியன் செக்ரட்டரில்லா.

சேசம்மாள்: யாரு வந்திருக்கா?

மிக்கேல்ராஜ்: எங்க ஹெட்கிளார்க் பிரம்மநாயகம் பிள்ளை, சேசம்மா. மாட்டுங்காவுல இருந்து வந்திருக்காவ.

சேசம்மாள்: தாராவிக்கா! வழி தெரிஞ்சுதா?

பிரம்மநாயகம்: 'ஜெயிச்ச மதராசி வீடா?'ன்னு ஒரு மராத்திக்கார அம்மாதான் கொண்டாந்து விட்டா.

மிக்கேல்ராஜ்: அதுக்குள்ள இங்கயும் பரவிட்டா?

பிரம்மநாயகம்: பின்ன? மெட்ராஸ்ல ஆட்சியே மாறியிருக்கு. நம்மாளுவ அதை விட்டுட்டு நம்ம குர்லா ஃபாக்டரி எலெக்ஷனைப் பேசுதாவ. இருபது வருஷத்துல ஒரு பியூன் செக்ரட்டரி ஆனதில்லயே. நானும்... உனக்குத்தான் போட்டேன்.

மிக்கேல்ராஜ்: ரொம்ப சந்தோஷம்.

பிரம்மநாயகம்: சத்தியமா...

மிக்கேல்ராஜ்: சத்தியமெல்லாம் எதுக்கு? வந்த சோலியைச் சொல்லுங்க. மெமோ தானே?

பிரம்மநாயகம்: தெரியுமா?

மிக்கேல்ராஜ்: உங்க மேசையில கொண்டாந்து வச்சதே நான்தானே.

பிரம்மநாயகம்: ஒரு ஃபைலைக் காணலியாம், நான்தான் தொலைச்சேனாம். நாளைக்கு விசாரணை. அது மேனேஜர் அலமாரியிலதான் கிடக்கு! மதராசிகளை வெளியேத்துன்னு தெருவுல கோஷம் போடுதானுவள்லா... அதுக்குப் பயந்து என்னைக் கழிச்சுவிடப் பாக்கான். எந்த ஊருன்னு பாத்து ஒருத்தனை விரட்டுறது... நியாயமாடே?

மிக்கேல்ராஜ்: வலிக்கத்தான் செய்யும்.

சேசம்மாள்: இவுகளையும் விரட்டத்தான் பாத்தாவ. எலெக்ஷனுக்கு மொத நாள் ஃபாக்டரி கேட்டுல ஒரு நோட்டீஸு. தமிழ்ல. இவன் இன்ன சாதி, இவன் அப்பன் செத்த மாட்டுக்குத் தோல் உரிச்சவன், இவனுக்குக் கீழயா நாம நிக்கதுன்னு... எந்தப் பாவி எழுதுனானோ!

பிரம்மநாயகம்: ...கேள்விப்பட்டேன்.

மிக்கேல்ராஜ்: மராத்திக்காரங்களுக்குத் தமிழ் தெரியாதுல்லா? என்ன எழுதியிருக்குன்னு எங்கிட்டயே வந்து கேட்டானுவ. ஸ்டூல்ல ஏறி நின்னு இந்தியில வாசிச்சுக் காட்டுனேன். ஒரு வரி விடல.

பிரம்மநாயகம்: உன் வாயாலயா?

மிக்கேல்ராஜ்: எங்கப்பா தோல் உரிச்சது நிசந்தானே. 'ஹாங், சச் ஹை', ஆமா உண்மைதான்னேன். பொறவு பாய்லர்ல வேலை பாக்குற ஒரு மராத்திக்காரப் பெரியவர், 'எங்க கிராமத்துலயும் எங்களை இப்படித்தான் வச்சிருந்தானுவ'ன்னார்... மறுநாள் அவங்க ஆளுக ஓட்டுதான் என்னைக் கரையேத்துச்சு. நம்ம தமிழாளுக பாதிப் பேரு போடல.

பிரம்மநாயகம்: மிக்கேல்ராஜ்...

மிக்கேல்ராஜ்: சொல்லுங்க.

பிரம்மநாயகம்: நான் உங்களுக்கு ஓட்டுப் போடல.

மிக்கேல்ராஜ்: சரி.

பிரம்மநாயகம்: அந்த நோட்டீஸு... அதையும் நான்தான்... என் கையாலதான் எழுதினேன்.

சேசம்மாள்: அடப் பாவி மனுசா! இதைச் செஞ்சிட்டு எங்க வீட்டுலயே வந்து... எந்திரிங்க! மொதல்ல வெளிய போங்க!

பிரம்மநாயகம்: போறேம்மா. சொல்லாம போயிருந்தா...

மிக்கேல்ராஜ்: உக்காருங்க அண்ணாச்சி. எட்டு வருஷம் உங்க ஃபைலைச் சுமந்தவனுக்கு உங்க எழுத்து தெரியாதா?

சேசம்மாள்: என்னது? யாருன்னே தெரியாதுன்னு எங்கிட்ட அடிச்சுச் சொன்னீகளே! நான் எத்தனை நாள் அழுதேன்... ஏன் மறைச்சீக?

மிக்கேல்ராஜ்: சொல்லியிருந்தா இவரை நீ வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டே. மன்னிச்சிட்டேன்னு நினைச்சிராத, சேசம்மா... இன்னும் மன்னிக்கல. ஆனா நாளைக்குப் பத்து மணிக்கு இவருக்காக மேனேஜர் முன்னால நின்னு பேச வேண்டியது யூனியன் செக்ரட்டரி. அது நான்தானே.