மாமியா பேரு

இல்லன்னு சட்டுனு சொல்லிட்டா எப்படிம்மா? கம்ப்யூட்டர்ல இன்னொரு தடவ பாருங்க. எம்பொண்ணு பேரு தையல்நாயகி. சேத்துப் போடுங்க, ஒரே பேருதான். நேத்துக் காலையில இந்த ஆஸ்பத்திரிலதான் அவளுக்குப் பொண்ணு பொறந்துருக்கு, மாப்பிள்ளையே போன் பண்ணி சொன்னாரு. பேராவூரணிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன்.

என்ன சிரிக்கிறீங்க? தையல் மிஷினுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. வைத்தீஸ்வரன் கோயில் அம்மன் பேரு. சாமி வைத்தியம் பாக்கப் போறப்போ, அம்மா தைலக் கிண்ணத்த எடுத்துக்கிட்டு கூடவே போவாளாம். வலின்னு வந்தவங்களுக்கு வலி போயிடுமாம். அவ்ளோ நல்ல பேரு.

நானா தேடி வைக்கல. எங்க மாமியா பேரு அது. எங்க பக்கம் மூத்த பொண்ணுக்கு அப்பாவப் பெத்தவ பேரத்தான் வைப்பாங்க. ஆனா மாமியா பேர மருமவ வாயால சொல்லக் கூடாதுல்ல, அதனால பெத்தவ மட்டும் பாப்பா, அம்மாளுன்னு எதையாவது சொல்லிக் கூப்புட்டுக்குவா. நான் அப்படிக் கூப்புடல. முழுப் பேரையும் சொல்லித்தான் கூப்புடுவேன்.

ஏனா? எப்படியும் நாலு மணி வரைக்கும் உள்ள விடமாட்டீங்க, சொல்றதுக்கென்ன. எங்க மாமியா என்னப் படுத்துன பாடு கொஞ்சநஞ்சமில்லம்மா. எதுத்து ஒரு வார்த்த பேச முடியாது. ஆனா பெத்த புள்ளையத் திட்டுனா யாரு கேக்க முடியும்? ஏ தையல்நாயகி, திங்கிறதத் தவிர உனக்கு என்னடி தெரியும்? ஏ தையல்நாயகி, நீ என்னைக்கு ஒழிவ, இந்த வீடு என்னைக்கு விடியும்? புள்ள ஒரு டம்ளர் மோரக் கொட்டியிருக்கும், அவ்ளோதான். நான் கொல்லப்பக்கம் திரும்பித்தான் கத்துவேன், கெழவி அங்கதான உக்காந்துருக்கும். மொதல்ல எல்லாம் புள்ள திரும்பித் திரும்பிப் பாக்கும், அம்மா யாரத் திட்டுதுன்னு. அப்பறம் பாக்குறத விட்டுடுச்சு. எனக்கு அப்ப எவ்ளோ திருப்தியா இருந்துச்சு தெரியுமா? பாவி.

ரெண்டாவது படிக்கிறப்போ ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சா. மைக்ல சத்தமா பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க, என் புள்ள ரெண்டு கையாலயும் தலையப் பொத்திக்கிட்டு அங்கயே உக்காந்துட்டாம்மா. டீச்சர் என்னையே பாக்குறாங்க. வெயில் தாங்கலன்னு சொல்லித் தூக்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்பறமாவது நிறுத்துனேனா? இல்லயே.

அவ நாலாவது படிக்கிறப்போ கெழவி செத்துப்போச்சு. பதினாறாம் நாளு நாத்தனா சொல்றா, அம்மாவுக்குக் கடைசி எட்டு வருஷம் காது சுத்தமா கேக்காது அண்ணி, வெளிய தெரிஞ்சா கேவலம்னு தலைய ஆட்டியே ஓட்டிடுச்சுன்னு. அப்ப நான் கத்துனதெல்லாம்? ஒரே ஒரு ஆளுக்குத்தானம்மா கேட்டிருக்கு.

இல்லம்மா, அழுவல. நீங்க பாருங்க. அவ பேருல வரலன்னா வீட்டுக்காரர் பேருல தேடிப் பாருங்களேன். சதீஷ், நீடாமங்கலம். வந்துடுச்சா? பன்னெண்டாம் நம்பர் ரூமா? நல்லா இருப்பீங்க தாயி.

பொண்ணு பேரு வேற மாதிரி இருக்கா? இருக்கும்மா. கல்யாணமான மறுவருஷமே அவ கெஜட்டுல பேர மாத்திட்டான்னு ஊருல சொன்னாங்க. ஆஸ்பத்திரிலயாவது பழைய பேரு இருக்காதான்னு ஒரு நப்பாசைல கேட்டேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கே வரமாட்டேன்னவ, புதுப் பேர எங்கிட்ட வந்து சொல்லுவாளா? எம்பொண்ணு பேரு என்னன்னு மாப்பிள்ளகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது? நேத்து அவரும் உங்க பொண்ணு, உங்க பொண்ணுன்னுதான் பேசுனாரு.

அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்கம்மா. கொஞ்சம் மெதுவா. நாலு மணிக்கு இன்னும் நேரமிருக்குல்ல, அதுக்குள்ள சொல்லிப் பழகிக்கிறேன்.