பாஸ்கால் இறங்கிய ஏணி

முதலில் சத்தம் இல்லை. காலுக்கடியில் இரும்பு நடுங்குகிறது. அப்புறம்தான் வெடி. கப்பல் மூக்கைத் தூக்கிக் கீழே போடுகிறது. நான் மேல்தளத்தில் கிடக்கிறேன். இடது காலில் எலும்பு வெளியே தெரிகிறது. பகல். நல்ல வெயில்.

“மைன்! மைன்! படகாண்ட ஓடுங்க!”

எழுபத்தொன்றின் கடைசியில் போர் முடிந்திருந்தது. கடலில் போட்ட கண்ணிவெடிகளை யாரும் முழுதாக எடுக்கவில்லை. மெட்ராஸில் அரிசி ஏற்றிக்கொண்டு பங்களாதேஷ் போனோம். சிட்டகாங் கரை கண்ணுக்குத் தெரிந்தது. அங்கேதான் அடி.

என் அண்ணன் அந்தோணி கீழே, இன்ஜின் அறையில். நாங்கள் ராயபுரம். சமையற்காரர் பாஸ்கால் மங்களூர்க்காரர். இளவயதிலேயே வழுக்கை. அவருக்கென்று யாரும் இல்லை. தாவீது திருவொற்றியூர். என்னோடு தளத்தில் வேலை. அவன் சபை வேறு, எங்கள் கோயில் வேறு. கடலில் அதெல்லாம் பார்க்கவில்லை. ஞாயிறு தோறும் அடுப்பு அணைந்ததும் சமையலறையில் நாலு பேரும் கூடுவோம். தாவீது வேதம் வாசிப்பான். நாங்கள் செபமாலை சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கப்பல் மெட்ராஸ் வந்தால் பாஸ்காலுக்கும் எங்கள் வீடுதான். அம்மாவின் மீன் குழம்பில் தேங்காய் அரைத்து விட்டார். அம்மா திட்டினாள். பிறகு அப்படியேதான் வைத்தாள்.

கப்பல் சாய்கிறது. இன்ஜின் அறை வாசலில் ஆவி. கைகளை ஊன்றி ஊர்ந்து போகிறேன். ஏணிக் கம்பி சுடுகிறது. கீழே தண்ணீர் ஏறும் சத்தம். கூப்பிடுகிறேன். பதில் இல்லை.

பாஸ்கால் அப்போது படகில் ஒரு கால் வைத்திருந்தார். அந்தக் காலை எடுத்தார். ஓடி வந்து என்னைத் தாண்டினார்.

“வாணாம் பாஸ்கால்! தண்ணி ஏறுது!” தாவீது கத்தினான்.

“நம்ம பையன் கீழ இருக்கான்!”

இறங்கினார். “அந்தோணீ” என்று கடைசி எழுத்தை நீட்டிக் கூப்பிடுவார். ஒரு தடவை கேட்டது. இன்னொரு தடவை. பிறகு உள்ளே ஏதோ பெரிதாக உடைந்தது. தாவீது என் காலரைப் பிடித்து இழுத்தான். அவன் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது. அவன் விடவில்லை.

உடல்கள் கிடைக்கவில்லை.

ராயபுரம் கோயிலில் பூசை வைத்தோம். வெறும் பெட்டியின் மேல் கறுப்புத் துணி. இரண்டு பெயர்களையும் வாசிக்க வேண்டும் என்றாள் அம்மா. தாய்மாமன் எழுந்தார்.

“இன்னாக்கா இது? நம்ம புள்ள பூசையில வெளியாள் பேரா?”

“வெளியாளா? என் புள்ள முழுகுறப்போ எறங்குனவன் அவன்டா. நீயா எறங்குன?”

மாமா துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். சாமியார் இரண்டு பெயர்களையும் வாசித்தார்.

முப்பதாம் நாள் பூசைக்கு மாமா வந்தார். கடைசி வரிசையில் நின்றார். என் கக்கத்துக் கட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுக் குனிந்தார்.

“அந்த மங்களூர்க்காரரு முழுப்பேரு இன்னா நைனா? மெழுகுவத்தி ஏத்தணும்.”

எனக்குத் தெரியவில்லை. நாங்கள் யாருமே கேட்டதில்லை. பாஸ்கால் என்று மட்டும் சொன்னேன். மாமா அதைச் சொல்லியே ஏற்றினார்.

தாவீது அப்புறம் கடலுக்குப் போகவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அம்மா தட்டு வைப்பாள். அவன் சாப்பிடும்போது புறங்கையில் என் பல் தழும்பு தெரியும். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இன்றும் துறைமுகத்தில் சங்கு ஊதினால் முதலில் சங்கு கேட்காது. “அந்தோணீ” என்றுதான் கேட்கும். மாடிப்படியின் மேலே நின்று கீழே பார்க்க முடியாது. தண்ணீர் ஏறுகிறது.

கப்பல் போனது. அரிசி போனது. என் இடது கால், முட்டிக்குக் கீழே, போனது. அந்தோணி போனான், இருபத்தெட்டு வயது. பாஸ்கால் போனார், வயது தெரியாது.

அம்மா பெற்றது எங்கள் இரண்டு பேரைத்தான். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், சாகும்வரை ஒரே பதில் சொன்னாள்.

“நாலு. ரெண்டு கடல்ல பூட்ச்சி.”