ஐந்தாவது நிமிட அளவு

குழாய் போடுவதில் எனக்கு நல்ல கை என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். மயக்க மருந்து கொடுத்ததும் நோயாளியின் தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்த வேண்டும். எனக்குப் பதினைந்து விநாடி போதும். ஆனால் ஆள் மயங்கிக் கிடந்தாலும், தொண்டைக்குள் என்னவோ நுழைகிறது என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். இதயம் தறிகெட்டு அடிக்கும், ரத்த அழுத்தம் எகிறும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் தானே அடங்கிவிடும்.

என் தம்பிக்கு அடங்கவில்லை. வேறொரு ஆஸ்பத்திரியில், சாதாரணக் குடலிறக்க ஆபரேஷன். அங்கிருந்த மயக்க மருத்துவர் குழாயைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்க்காமல் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாராம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. முப்பத்தாறு வயது. அதற்குப் பிறகு அம்மா என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. நானும் அதே தொழில்காரன்தானே.

முன்கூட்டியே ஒரு மருந்தை ஏற்றினால் இந்த எகிறலைத் தடுக்கலாம். எல்லாருக்கும் கொடுப்போம் என்று துறைத் தலைவரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "ஆதாரம் கொண்டாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். ஆய்வில் இறங்கினேன். அறுபது பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். ஊசியில் நம்பர் மட்டும் இருக்கும். எதில் எது என்று எனக்கே தெரியாது. குழாய் போட்ட பிறகு ஒன்று, மூன்று, ஐந்தாவது நிமிடங்களில் அழுத்தத்தைக் குறிக்க வேண்டும். இதய நோய் உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது. அந்த விதியை எழுதியதே நான்தான்.

அறுபதாவது ஆள் ஒரு தையல்காரர். ஆய்வை முடித்துக் கொடுக்க வேண்டிய கெடுவுக்கு இரண்டே நாள் இருந்தது. படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது அவர் மகள் சொன்னாள்: "டாக்டர், போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. எழுதிக்கோங்க."

"எழுதிக்கிறேன்மா" என்றேன். எழுதவில்லை.

மேஜையில் படுத்ததும் தையல்காரர் என் அங்கியைத் தொட்டுப் பார்த்தார். "தோள் இறங்கியிருக்கு டாக்டர். பொழச்சு வந்தா பிரிச்சுத் தச்சுத் தரேன்." இருவரும் சிரித்தோம்.

முதல் நிமிடத்திலேயே அழுத்தம் இருநூற்றுப் பத்து. அவருக்குப் போனது உப்புநீர்தான் என்று விளங்கிவிட்டது. அழுத்தத்தை இறக்கும் மருந்து நர்ஸ் கையில் தயாராக இருந்தது.

"சார், போட்டுடட்டுமா?"

"இரும்மா. இப்போ போட்டா இந்தக் கேஸ் ஆய்வுல சேராது."

மூன்றாவது நிமிடத்தில் இருநூற்று முப்பது. திரையில் இதயத்தின் கோடு கோணத் தொடங்கியது. "சார்" என்றாள் மறுபடியும். அவள் மேல் தப்பில்லை, அதையும் உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் கையைக் காட்டித் தடுத்தேன். ஐந்தாவது நிமிட அளவைக் குறித்த பிறகுதான் போடச் சொன்னேன். ஊசி ஏறி முடிவதற்குள் இதயம் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினோம்.

வெளியே வந்தபோது மகள், "அப்பா கஷ்டப்பட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். நடிப்பில்லை. தம்பி போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆம். முதல் நிமிடத்திலேயே மருந்தைப் போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஆய்வு ஏற்கப்பட்டது. இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் முன்கூட்டியே அந்த மருந்து உண்டு.

தம்பியைக் கொன்ற மருத்துவரை மட்டும் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அவர் கவனமில்லாமல் இருந்தார். நான் அந்த ஐந்து நிமிடமும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.