மாப்பிள்ளை ரத்தத்துல ஒண்ணுமே வளரலையாம்

...மூணு நாளாச்சு, இன்னும் எந்த மருந்துன்னே முடிவு பண்ணலைன்னா இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியாம்மா? நீங்களே சொல்லுங்க. அய்ய, அந்த நாற்காலி ஆடும். இப்படி வந்து உக்காருங்க.

உள்ள படுத்திருக்கறது என் மாப்பிள்ளை. எனக்கு ஒரே பொண்ணு. இவருக்குக் கால்ல பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி வந்துச்சு. சும்மா விட்டிருக்கலாம்ல? கிள்ளினாரு, நசுக்கினாரு... கிருமி ரத்தத்துக்குள்ள போயிடுச்சாம்.

வந்த அன்னைக்கே ரெண்டு கையிலயும் ரத்தம் எடுத்தாங்க. பாட்டில்ல விட்டு கிருமியை வளர்ப்பாங்களாம். என் வீட்டுத் தொட்டியில ஒரு செடி ஒழுங்கா வளரலை, இவங்க கிருமி வளர்க்கறாங்க! அது வளர்ந்தாத்தான் அது என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும்னு தெரியுமாம். அதுவரைக்கும் எது இருந்தாலும் அடிக்கட்டும்னு ரெண்டு மருந்து ஏறிக்கிட்டே இருக்கு. இன்னைக்குக் காலையில அந்தக் கண்ணாடி போட்ட டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கறாரு. ஒண்ணுமே வளரலையாம்! "வளரலைன்னா நல்லதுதானே டாக்டர்"னு கேட்டேன். என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க... காய்ச்சல் நூத்தி மூணுலயே நிக்குது, கிட்னி வேற மக்கர் பண்ணுது, எதை நிறுத்தறது எதை மாத்தறதுன்னு தெரியலைங்கறாரு. டாக்டர் பேசற பேச்சா இது?

அப்புறம் அதே கேள்வி. நாலாவது தடவை! "இங்க வர்றதுக்கு முன்னாடி ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா?" இல்லவே இல்லைன்னுட்டேன். சும்மா போலீஸ்காரன் மாதிரி...

சரி, உங்ககிட்ட சொன்னா என்ன. குடுத்தேன். எனக்குப் பல்லு புடுங்கினப்ப இதே மாதிரி ஆன்டிபயாடிக் ஏழு நாளுக்கு எழுதிக் குடுத்தாங்க. வலி நின்னுச்சு, நானும் நிறுத்திட்டேன். அஞ்சு மிச்சம். தூக்கிப் போட மனசு வருமா? இவரு மாத்திரைன்னாலே மூஞ்சியைத் திருப்பற ஆளு. பொடி பண்ணி ஜூஸ்ல கலந்துட்டேன். அவருக்கே தெரியாது! காய்ச்சல் ஒரு நாள் இறங்கக்கூடச் செஞ்சுது, தெரியுமா?

டாக்டர் கேக்கறப்பல்லாம் பக்கத்துலயே என் பொண்ணு நிக்கறாளே, எப்படிம்மா வாயைத் திறப்பேன்? மிச்ச மாத்திரை சேத்து வைக்காதே, வைக்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டவ. டப்பாவோட குப்பையில கொட்டினா. அவ அந்தப் பக்கம் போனதும் நான் பொறுக்கி எடுத்துட்டேன். தெரிஞ்சா என் மூஞ்சியில முழிப்பாளா? அதுவும் அஞ்சே அஞ்சு மாத்திரை! அதுக்குப் பயந்து ஒரு கிருமி வளராம போயிடுமா?

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

...போயிடுமா? அதனாலதான் பாட்டில்ல ஒண்ணும் வளரலையா?

ஏம்மா, எங்க எழுந்து போறீங்க? அது நர்ஸுங்க இருக்கற இடம்... அடிப்பாவி, நம்பிச் சொன்னா இப்படியா? நில்லுங்கம்மா! நில்லுங்க, நானே சொல்லிடறேன். மாத்திரை அட்டைகூட என் பர்ஸுலதான் கிடக்கு. அவ திட்டட்டும், ஆயுசுக்கும் என்கிட்ட பேசாம இருக்கட்டும், அவ புருஷன் பொழைச்சு வந்தா போதும்.

சிஸ்டர்! அந்தக் கண்ணாடி டாக்டரைக் கொஞ்சம் கூப்பிடுங்க. இல்ல, என் பொண்ணு இருந்தா இருக்கட்டும்... சீக்கிரம் கூப்பிடுங்க.